இரண்டாவது துளை

இறக்கையை விரல் நுனியால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள் சுகிர்தா. கரண்டு இரண்டு மணிக்குத்தான் வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே நிறுத்திவிட்டார்கள், அதுவும் மே மாதத்துப் பாளையங்கோட்டையில். பின்னறைத் தரையில் பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் அந்த மேசை விசிறியை நிறுத்தி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுத்த இரும்பு உடம்பு, பித்தளை இறக்கை நான்கு. முன்பக்கத்துக் கூண்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கரண்டு இல்லாவிட்டாலும் கையால் சுற்றினால் விசிறி தலையைத் திருப்பத்தான் செய்யும். நூற்றுச் சொச்சம் சுற்றுக்கு இந்தப் பக்கம், இன்னொரு நூற்றுச் சொச்சத்துக்கு அந்தப் பக்கம். உற்றுப் பார்த்தால் நகராது. கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் நகர்ந்திருக்கும். கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் முகம் இப்போது பீரோக் கண்ணாடிக்கு வந்திருந்தது. அறுபத்தேழு, அறுபத்தெட்டு. எண்ணுவது அவளுக்குப் பிடிக்கும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. எண்பது. கால் வட்டம் முழுசாகத் திரும்புகிறது. போன வியாழக்கிழமை ஓடாமல் நின்றுபோய் இந்த விசிறி வீட்டுக்கு வந்தபோது, கையால் சுற்றினாலும் அதில் பாதிதான் திரும்பியது, அரைக்கால் வட்டம், கழுத்து பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி. அதைச் சரி பண்ணியது அவள். அவள் ஒருத்தியே. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சபூரா டீச்சர் வந்து எடுத்துக்கொண்டு போவார். அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், வீடு மேலப்பாளையத்தில். இதுவரை சுகிர்தா பிரித்துப் பூட்டியதெல்லாம் சொந்த வீட்டு விசிறி, சித்தி வீட்டு விசிறி, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்த விசிறி. வெளியாள் ஒருவர் நம்பிக் கொடுத்தது இதுதான் முதல். கொடுக்கும்போது டீச்சர் சொன்னது ஒரே வாக்கியம். "பழையபடி ஓடினாப் போதும்மா, உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க." பழையபடி. தொண்ணூற்றொன்று. அந்தச் சொல்லில்தான் விரல் நின்றது.

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? ஓடாமல் நின்றுபோவதற்கு முந்தின நாள் போலவா, பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்குப் போலவா? கொழும்பில் கடை வைத்திருந்த மாமா, உம்மாவின் கல்யாணத்துக்கு வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் கொண்டுவந்த விசிறி என்று டீச்சர் சொல்லியிருந்தார். சுகிர்தா நினைத்தது பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்குப் போல. அதில் தப்பென்ன? மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மசகு இறுகி, இருட்டுக்கடை அல்வா மாதிரி கத்திக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது, எவ்வளவு கொஞ்சம் சாமான்தான் உள்ளே இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மோட்டார் தண்டின் வாலில் திருகாணி மாதிரி ஒரு புரி. அந்தப் புரி ஒரு பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வெறிபிடித்துச் சுற்றுகிற ஒன்று, இப்படிப் பல்லுப் பல்லாகத் தேய்ந்து, நிமிடத்துக்கு ஐந்தாறு தடவை நிதானமாகத் தலைதிருப்புகிற ஒன்றாகிவிடுகிறது. எம்.எஸ்ஸி. இயற்பியலில் இதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறியாகப் பார்த்திருக்கிறாள். அம்புக்குறிக்கு வாசனை கிடையாது. இந்தப் பெட்டிக்கு ஒரு வாசனை இருந்தது. மசகும் மண்ணெண்ணெயும் போக மூன்றாவதாக ஒன்று, காரமாக, மூக்கின் உள்பக்கத்தில் குத்துகிற மாதிரி. யாரோ மூக்குப்பொடி போடுகிறவர் பக்கத்தில் இருந்திருப்பார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு, பழுப்பாகப் படிந்திருந்ததையெல்லாம் துடைத்துக் குப்பையில் போட்டாள். பல்சக்கரத்துக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு பித்தளை வட்டு. வட்டின் ஓரத்தில் ஒரு துளை. துளையில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கைத்தண்டு, தண்டின் மறுமுனை விசிறியின் கழுத்தில். வட்டு சுற்றச் சுற்றத் தண்டு கழுத்தைத் தள்ளும், இழுக்கும். தலை திரும்பும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் இந்த வட்டில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று ஓரத்தில், உருண்டையாக, இயந்திரம் போட்டது. இன்னொன்று மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே, கொஞ்சம் கோணலாக, யாரோ கையால் போட்டது. ஆணி இருந்தது கோணல் துளையில். எவனோ அரைகுறை மெக்கானிக் செய்த வேலை என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஆணியை எடுத்து ஓரத்துத் துளையில் மாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி, கோணல் துளையில் அடித்து இறக்கி, இரண்டு பக்கமும் அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அங்கே ஒரு துளை இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பாதபடி மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழங்காலில் நின்றபோதுகூட அந்த வழவழப்புதான் கட்டைவிரலில் இருந்தது.

"ஏட்டி சுகிர்தா, சோறு ஆறுது" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து. வந்துட்டேன் என்று சொன்னதாக அவளுக்கு நினைப்பு, வாய் திறக்கவில்லை. "ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் அந்த ஃபேனையே கட்டிக்கிடப் போறா. அதுவாவது இவ பக்கம் திரும்பிப் பாக்குமா?" அம்மா தனக்குத்தானே பேசுவது போல ஊருக்கே கேட்கும்படி பேசுவார். பிறகு கதவருகே வந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றார். "இன்னுமா முடியல?" "முடிஞ்சிருச்சும்மா." "பெறவு என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்னத்தை என்று சொல்ல? தொண்ணூற்றொன்றில் எண்ணிக்கை நின்றுபோனதைச் சொல்லவா? "சபூரா ஆறு மணிக்கு வருவா. அவ முன்னால ஊமை மாதிரி நிக்காத. என்ன ரிப்பேரு, என்ன பண்ணுனன்னு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லு. அவ நாலு பேருகிட்ட சொன்னா ஒனக்குத்தான் நல்லது" என்றுவிட்டு அம்மா போனார். என்ன ரிப்பேர், என்ன பண்ணினேன். அதைச் சொல்ல ஒத்திகை பார்க்கலாமென்று போனை எடுத்து, பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எந்தச் சாமானையும் படம் எடுக்காமல் கழற்றுவதில்லை. பெட்டியின் மூடி, புரி, பல்சக்கரம், வட்டு. வட்டின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கோணல் துளையின் விளிம்பு தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. வருடக்கணக்கில் ஆணி உராய்ந்த தேய்மானம். சரி. ஓரத்துத் துளை? அதையும் பெரிதாக்கினாள். அதன் விளிம்பு கூர்மையாக இருந்தது. இயந்திரம் துளைத்த வாயின் மெல்லிய பிசிறுகூட உதிராமல் இருந்தது. அதில் ஆணி உராய்ந்ததே இல்லை, உராய்ந்திருந்தால் சில நாள்தான்.

அப்படியென்றால் அது ரிப்பேர் இல்லை. தேய்ந்துபோன துளைக்குப் பதில் புதுத்துளை போடுவது ரிப்பேர். புத்தம்புது விசிறியை வாங்கி, தேயாத நல்ல துளையை விட்டுவிட்டு, பக்கத்தில் வேறொன்று போட்டால் அதற்குப் பெயர் என்ன? யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அவளுக்குப் பசி போய்விட்டது. ஏன்? தலை திரும்ப வேண்டாமென்றால் மேலே குமிழ் இருக்கிறது, தூக்கிவிட்டால் விசிறி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். துளை போடத் தேவையே இல்லை. ஆகவே அது திரும்ப வேண்டும். ஆனால் ஓரளவுக்குமேல் திரும்பக் கூடாது. ஒரு ஆளுக்கு மட்டும் காற்று வேண்டுமென்றால் குமிழ் போதும். இரண்டு பேராவது அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி இன்னொன்று இருந்திருக்கிறது, காற்றே படக்கூடாத ஒன்று. விளக்கா? அடுப்பா? தொழுகிற இடமா? தட்டானின் ஊதுகுழல் நெருப்பா? மேலப்பாளையத்து வீட்டில், பகல் முழுக்க, காற்றுப் படக்கூடாதது. விரல் தன்னால் மூக்குக்குப் போனது. நகக்கண்ணில் இன்னும் அந்த வாசனை இருந்தது, சோப்புப் போட்டும் போகாமல், காரமாக. மூக்குப்பொடி இல்லை. இந்த வாசனையை இதற்குமுன் அவள் ஒரு வீட்டில் வாசம் பிடித்திருக்கிறாள், அந்த வீட்டை நினைக்கக் கூடாதென்று ஆறு வருடமாக வைத்திருக்கிறாள், அதனால் நினைவு பக்கத்தில் வந்து வந்து வேறு பக்கம் போனது. ஆலங்குளம் பஸ்ஸின் ஜன்னல் கம்பி. கூடப் படித்த முப்பிடாதியின் பச்சைத் தாவணி. கல்லூரி இரண்டாம் வருடம், ரெக்கார்டு நோட்டு வாங்கப் போனது. தேங்காய்த் துவையல் நன்றாக இருந்தது. துவையலுக்கு முன்னால் என்ன நடந்தது? வேண்டாம். தகரம் போட்ட வீடு, வெளியே இதே வெயில். முப்பிடாதியும் அவள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுளகில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் குவியலாகத் தூள். இலையை விரித்து, தூளை வைத்து, உருட்டி, நூலால் கட்டி, பார்க்கவே முடியாத வேகம். மூன்று பேர் முதுகிலும் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஓடாமல் தொங்கியது. கரண்டு பில்லுக்குப் பயந்து போடாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். யாரிடமும் எதையும் கேட்காத சுகிர்தா, எந்த வீட்டிலும் சொல்லாமல் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத சுகிர்தா, அன்றைக்கு மட்டும், ஒரு உதவியாக இருக்கட்டுமென்று, தானாக எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள்.

மூன்று சுளகிலிருந்தும் தூள் எழுந்து சுவர்வரை போனது. கண்ணில், சோற்றுப் பானையில், முப்பிடாதியின் திறந்த நோட்டில். எல்லோரும் இருமினார்கள். அக்கா எழுந்து ஃபேனை அணைத்தாள். யாரும் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பெரிய கொடுமை. முப்பிடாதியின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள். "பாவம், பிள்ளைக்கு வேர்க்குல்லா. பரவால்ல, நாங்க கொஞ்சம் கை ஓய்வோம், நீ காத்து வாங்கிக்கோம்மா" என்று சொல்லி, கம்பெனியில் எடை போட்டு அளந்து கொடுத்த அந்தத் தூளைத் தரையிலிருந்து மயிலிறகால் தள்ளுவது போலத் தள்ளிச் சேர்த்தாள். பிறகு மூன்று சுளகையும் துணியால் மூடிவிட்டு ஃபேனைப் போட்டார்கள். ஐந்து நிமிடம் அவள் ஒருத்திக்காக அது சுற்றியது. அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றாள். முப்பிடாதி அடுத்த திங்கட்கிழமையும் வழக்கம்போல்தான் பேசினாள். இவளால்தான் முகம் பார்க்க முடியவில்லை. அந்த வாசனை. இப்போது நகக்கண்ணில் இருப்பது அதுதான். விசிறி காற்றைப் பின்னாலிருந்து இழுத்து முன்னால் தள்ளும். இந்த விசிறி ஐம்பது வருடம் ஒரு பீடித் தூள் வீட்டின் காற்றை இழுத்திருக்கிறது. அந்த வீட்டில் ஒருத்தி சுளகோடு உட்கார்ந்திருக்கிறாள். காற்று வேண்டும், தன்மேல் படக்கூடாது. வேறு யார் மேலோ பட வேண்டும். அதற்கு ஒரு துளை. அந்தத் துளையைத்தான் இவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று மூடியிருக்கிறாள். மறுபடியும் கேட்காமல். மறுபடியும் உதவியாக.

சொல்லாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கால் வட்டம் திரும்புகிற விசிறி அரைக்கால் வட்டம் திரும்புவதைவிட மேல் அல்லவா? டீச்சர் பார்த்துவிட்டு, அட, நல்லா திரும்புதே என்பார். நாலு பேரிடம் சொல்வார். சுற்றியது உம்மாவாகவே இருந்தாலும் இப்போது சுற்ற மாட்டார், எண்பது வயதாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழையபடி என்று கேட்டவர் அந்த உம்மா. சாயங்காலம் விசிறியைப் போட்டதும், அதன் முகம் நினைத்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்போது, அவருக்குத் தெரியும். யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கோபப்படாமல் சிரிப்பார். அதை நினைத்ததும் போனை எடுத்தாள். எழுதி அனுப்பலாம், ஆனால் டீச்சர் எழுத்துச் செய்தியைத் திறந்தே பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். பேச வேண்டும். டீச்சர், நான் எஸ்தர் டீச்சர் மக. இல்லை, முதலில் வணக்கம். டீச்சர், ஒரு சின்ன விஷயம். சின்னதா? டீச்சர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இப்படித் தொடங்கினால் ஃபேனை உடைத்துவிட்டதாக நினைப்பார். நாலு முறை சொல்லிப் பார்த்து, ஐந்தாவது முறைக்கு முன்பே விரல் பெயரைத் தொட்டுவிட்டது. மணி ஒலிக்க ஆரம்பித்தபின் அணைத்தாலும் அங்கே தெரியும். எடுக்காமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் எடுத்துவிட்டார். "சொல்லும்மா சுகிர்தா, ரெடியாயிருச்சா?" ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியமும் வரவில்லை. "டீச்சர், ஒங்க வீட்ல பீடி சுத்துவாங்களா?" என்றாள். "உம்மா சுத்துவாங்க. முந்தி. ஏன்?" "ஃபேன் எங்க இருக்கும்?" "நடுவீட்ல, ஸ்டூல் மேல. வாப்பாவுக்கு மில்லுல நைட் ஷிப்டு, பகல்ல அங்கதான் படுப்பாங்க. தலமாட்டுல நான் படிப்பேன். உம்மா கதவோரமா இருப்பாங்க. எதுக்கும்மா?" "கதவு வரைக்கும் காத்து வராதுல்ல டீச்சர்." "அது வராது. அதுக்கு அவ்வளவுதான் திரும்ப வரும்." "இல்ல டீச்சர். அது கதவு வரைக்கும் திரும்புற ஃபேன்தான். அப்படித் திரும்பக் கூடாதுன்னு யாரோ உள்ள ஒரு ஓட்டை போட்டிருக்காங்க. நான் தெரியாம அத அடைச்சிட்டேன்." சொல்லிவிட்டாள்.

டீச்சர் போனைக் கையில் வைத்தபடியே நடக்கும் சத்தம், செருப்பு, ஏதோ கதவு. பிறகு கொஞ்சம் தள்ளி, "உம்மா, அந்தக் கொழும்பு ஃபேன்ல ஓட்டை போட்டது யாரு?" இன்னொரு குரல், மெலிந்தது, ஆனால் தெளிவாக: "ஏன், நான்தான்." "நீயா?" "பின்ன ஒங்க வாப்பாவா? அவுகளுக்குச் சுவிட்சு எங்க இருக்குன்னே தெரியாது. சைக்கிள் கடைல கொண்டுபோயி அந்த வட்டக் காட்டி இந்த எடத்துல போடுன்னேன். எதுக்கும்மான்னு கேட்டான். கம்மல் மாட்டணும்னேன்." உம்மா சிரிப்பது கேட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. "என்கிட்ட ஒருநாளும் சொல்லலையே" என்றார். "ஒனக்குக் காத்து வந்துச்சுல்ல. சொல்ல என்ன இருக்கு?" சுகிர்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வைத்துவிட வேண்டும், இது அவர்கள் வீட்டுப் பேச்சு. ஆனால் ஒன்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் இன்றைக்கு அவளால் சோறு தின்ன முடியாது. "டீச்சர், எந்த எடத்துல போடணும்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேளுங்க." டீச்சர் கேட்டார். உம்மாவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "மாவு திரிக்கிற திருகைல கைப்பிடி இருக்கில்லா, அது ஓரத்துல இருந்தா கை பெருசாச் சுத்தும். நடுவுல நட்டா கை நகரவே நகராது. எனக்குப் பாதி போதும், பாதில போட்டேன். அந்தப் பிள்ள அடைச்சிட்டாளாமா? நல்லா அடைச்சிருக்காளா?" "நல்லா அடைச்சிருக்கேன்" என்றாள் சுகிர்தா, தன்னை அறியாமல் உரக்க. "அப்ப மறுபடி போடச் சொல்லு." "எதுக்கும்மா?" இது டீச்சர். "இப்பத்தான் நீ பீடி சுத்தலையே. முழுசாத் திரும்பட்டும், ரெண்டு பேருக்கும் வரும்." "ரெண்டு பேருக்கும் எதுக்கு? அவுகளுக்கு வீசுனது போதும். அந்தப் பாதி இனி என் கட்டிலுக்கு. முழுசாத் திரும்புனா அவுக பக்கம் போயி நின்னுக்கிட்டு வரும், அது வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே கெடக்கணும்." தூரத்தில் ஓர் ஆண் குரல் தூக்கம் கலைந்து, என்னளா பேச்சு, என்றது. "ஒண்ணுமில்ல, ஃபேனு ரிப்பேரு, நீங்க படுங்க."

டீச்சர் மறுபடி போனுக்கு வந்து, வகுப்பில் கேட்பது போல, "முடியுமாம்மா?" என்றார். "முடியும் டீச்சர். ஆனா ஆறு மணிக்கு முடியாது. நாளைக்குத் தரட்டுமா?" "தா" என்றார் டீச்சர். "நாளைக்கு நான் வரல. நீயே கொண்டுக்கிட்டு வா. உம்மா பாக்கணும்கிறாங்க." சரி என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா, தெரியவில்லை, போன் வைத்தாகிவிட்டது. திருகாணிகளைக் கழற்றி வட்டை மறுபடி வெளியே எடுத்து, மசகைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கைவேலை அவ்வளவு சுத்தம். பிறகு ஒரு கோணத்தில், கம்பியின் பித்தளைக்கும் வட்டின் பித்தளைக்கும் நடுவே முடிபோல ஒரு கோடு, முட்டை வடிவத்தில். நடுவே இருக்கும் அச்சிலிருந்து அதுவரை அளந்தாள். அங்கிருந்து விளிம்புத் துளைவரை அளந்தாள். பாதிக்கு அரை மில்லிமீட்டர் குறைவு. சைக்கிள் கடைக்காரன் கை நழுவியதா, கதவோரத்தில் இருந்தவர் கொஞ்சம் கூடுதலாக ஒதுங்கிக்கொண்டாரா? சரியான பாதியில் போடலாம், அதுதான் கணக்கு. அளவுகோலை வைத்துப் பென்சிலால் சரியான பாதியில் ஒரு புள்ளி வைத்தாள், பார்த்தாள், எச்சில் தொட்டு அழித்தாள். எதற்கும் நாளைக்கு உம்மாவிடமே கேட்டுக்கொண்டு போடலாம் என்று தோன்றியது. துளை போடுகிற கைத்துரப்பணத்தையும் அரத்தையும் துணியில் சுற்றி, வட்டைத் தனியாக ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, மேலப்பாளையம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க, அம்மாவைத் தேடி அடுப்படிக்குப் போனாள்.